கிறவலுக்குத் திரும்பும் நெடுஞ்சாலை

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துக் கிராமப்புற நெடுஞ்சாலைகள் பற்றிப் பேசப்படும்போதெல்லாம் ஒரே வாதம் முன்வைக்கப்படுகின்றது. பிரெய்ரிச் சமவெளியில் வாழ்வோர் சிலர், வீதிகளோ பல. ஆதலின் அனைத்தையும் தார்ப்பரப்புடன் பேணுதல் இயலாது, சிலவற்றைக் கிறவலுக்கே மீளவிடுதல் தகும் என்பர். ஏறத்தாழ 12 இலட்சம் மக்களுக்கு மாகாண நெடுஞ்சாலைகள் மட்டும் சுமார் 26,000 கிலோமீற்றர் உண்டென்ற கணக்கை நோக்குவோர்க்கு இது நியாயமாகவே தோன்றும். ஆயின் அவ்வீதிகள் எவ்வாறு பழுதடைந்தன என்ற வினாவை இவ்வாதிகள் எழுப்புவதேயில்லை.

இவ்வீதிகளிற் பல 1960களிலும் 1970களிலும் ‘மென்படலப் பரப்பு’ எனத்தகும் மலிவான முறையில் அமைக்கப்பட்டவை. மண்ணைச் சமன்செய்து இறுக்கி, முறையான கல் அடித்தளம் இன்றியே, எண்ணெய் கலந்த மெல்லிய படலம் ஒன்றை அதன்மீது இட்டனர். புழுதியை அடக்குவதும், கார்களுக்கும் சிறு லொறிகளுக்கும் சேறற்ற வழி தருவதுமே நோக்கம். விளைச்சலைத் துறைமுகம் வரை சுமக்கப் புகையிரதம் இருந்தது. குதிரை வண்டி ஒரு நாளிற் சென்று திரும்பக்கூடிய இடைவெளிகளிற் பாதையோரமாக மரத் தானியக் களஞ்சியங்கள் நின்றன; 1933 இல் பிரெய்ரி மாகாணங்களில் அவை 5,700க்கும் அதிகம்.

தானியத்துக்கான சரக்குக் கட்டணத்தைக் குறைத்து வரையறுத்த 1897ஆம் ஆண்டின் குரோஸ் நெஸ்ட் கணவாய் உடன்படிக்கையே இவ்வமைப்பின் அச்சாணி. 1983 இல் அதன் இடத்தைப் பிடித்த மானியச் சட்டமும் 1995 ஓகஸ்ற்றுடன் முடிவுக்கு வந்தது. முன்னரே தொடங்கியிருந்த கிளைப் பாதை அகற்றல் விரைவு பெற்றது. மரக் களஞ்சியங்கள் இடிக்கப்பட்டன. தொலைவிலுள்ள சில பெருங் கொங்கிறீற் களஞ்சியங்களுக்கு விவசாயி தன் கோதுமையைத் தானே கொண்டுசெல்ல நேர்ந்தது. கார்களுக்கென இட்ட படலத்தின்மீது 62.5 தொன் மொத்த நிறையுள்ள இரட்டை இழுவை லொறிகள் உருளலாயின.

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் நடந்த வீதிப் பரிசோதனை, அச்சின் பாரம் இருமடங்கானால் வீதிக்கு விளையும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பதைப் புலப்படுத்தியது. வசந்தத்தில் நிலத்தடிப் பனி உருகி, வடியாத நீரால் மண் குழைந்திருக்கும் வாரங்களில் நிலைமை இன்னும் மோசம். இதனை அறிந்தே ஆண்டுதோறும் அக்காலத்திற் பாரக் கட்டுப்பாடு விதிக்கப்படுகின்றது. எனவே வீதி சிதைந்ததற்குக் குளிரை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. அக்குளிர் முன்பும் இருந்தது!

கிளைப் பாதையை மூடிய நிறுவனங்கள் தம் ஏட்டில் அதனைச் சேமிப்பு என எழுதிக்கொண்டன. போக்குவரத்துக் குறைந்த பாதை நட்டம் தருவது மெய்யே. ஆயினும் அச்செலவு மறையவில்லை. கம்பனியின் ஏட்டிலிருந்து மாகாணத்தின் வீதிக் கணக்குக்கு இடம்பெயர்ந்தது. கனேடியப் பசுபிக் கம்பனியோ 1880ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி 25 மில்லியன் டொலரையும் 25 மில்லியன் ஏக்கர் நிலத்தையும் பொதுச் சொத்திலிருந்து பெற்றது. (அந்நிலம் யாருடையது என ஆதிக்குடிகளைக் கேட்டாரில்லை.) 1995 இல் மானியத்துக்கு ஈடாக வழங்கிய 1.6 பில்லியன் டொலர் நிலவுடைமையாளரைச் சேர்ந்தது. வீதிகளுக்குக் கிடைத்தது அதனோடு ஒப்பிடத் தகாத சிறு பங்கு.

இத்துடன் வேறு சில முடிவுகளையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். 1993 இல் மாகாண அரசு 52 கிராமப்புற மருத்துவமனைகளை மருத்துவமனை என்ற நிலையிலிருந்து நீக்கியது. 2017 மே 31 உடன் அரச பஸ் சேவையும் நின்றது. இரண்டும் சிக்கனத்தின் பெயரால் நிகழ்ந்தவை. புகையிரதம் சுமந்த தானியமும், அயலூர் மருத்துவமனை ஏற்ற நோயாளியும், பஸ்ஸிற் சென்ற முதியோரும் ஒரே வீதிக்குத் தள்ளப்பட்டனர். பின்னர் அவ்வீதியிற் சில பகுதிகளின் படலம் கிளறப்பட்டுக் கிறவலாக்கப்பட்டது. அதற்குக் காட்டிய காரணம், அங்கு மக்கள் குறைவு என்பதே! மக்கள் குறைந்தமைக்கு இம்முடிவுகளின் பங்கு என்ன என்று கேட்பாரில்லை.

அண்மையிற் சில பகுதிகள் தடித்த அடித்தளத்துடன் மீளக் கட்டப்பட்டுள்ளமை வரவேற்கத்தக்கது. அவ்வேலைக்கான செலவுச் சீட்டு இன்றும் வரி செலுத்துவோரிடமே வருகின்றது. பாதையை அகற்றிய கம்பனிக்கு அதன் பிரதிகூட அனுப்பப்படுவதில்லை.