அந்த குரூப் ஃபோட்டோவை ஏன் டெலிட் பண்ணினேன்?

செகண்ட் இயர்ல என்எஸ்எஸ் சார்பா ஓசூர் பக்கம் ஒரு டிமென்ஷியா இல்லத்துக்குப் போனோம். நாப்பது பேர், ஒரு பஸ். கேக் வெட்டி, ரெண்டு பாட்டு பாடி, குரூப் ஃபோட்டோ எடுத்து, ஒன்றரை மணி நேரத்துல கிளம்பிட்டோம். அன்னிக்கு நைட்டே ஃபோட்டோ இன்ஸ்டாவுல. லைக்கும் நல்லாவே வந்தது.

அதுல ஒரு பாட்டி என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு பயந்து நிக்கிறாங்க. நான் சிரிச்சிட்டிருக்கேன். ஒரு மாசம் கழிச்சுதான் கவனிச்சேன். ஃபோட்டோ போடலாமான்னு கேட்டா புரிஞ்சு பதில் சொல்ற நிலையில அவங்க இல்லை. அப்போ யாரைக் கேட்டுப் போட்டேன்? டெலிட் பண்ணிட்டு, சனிக்கிழமைகள்ல தனியா போக ஆரம்பிச்சேன்.

இந்த வருஷமும் அதே மாதிரி ஒரு ‘விசிட்’ பிளான் ஆகுதாம். வேண்டாம்னு சொல்லத்தான் இதை எழுதறேன்.

இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும் என்று 2023ல் வெளியான ஒரு ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் புது நினைவுகள்தான் முதல்ல போகும், பழசு கொஞ்ச காலம் நிக்கும். அவங்க முன்னாடி நாப்பது புது முகம் வந்து கத்தினா பயப்படாம என்ன செய்வாங்க?

அங்க ஒரு தாத்தா, சிப்காட்ல டர்னரா இருந்தவர். மதியச் சாப்பாடு முடிஞ்சா செகண்ட் ஷிஃப்ட் பஸ்ஸுக்குன்னு கேட்டுக்குப் போயிடுவார். “நீங்க ரிட்டயர் ஆகி இருபது வருஷம் ஆச்சு தாத்தா”ன்னு லாஜிக் பேசினேன் (இன்ஜினியரிங் புத்தி!). அழுதுட்டார். அங்க வேலை பாக்கற அக்கா என்னைத் தள்ளிக் கூட்டிட்டுப் போய், “திருத்தாத தம்பி, வேலையைப் பத்திக் கேளு”ன்னாங்க. அடுத்த வாரம் லேத்ல த்ரெட் எப்படி வெட்டறதுன்னு கேட்டேன். முக்கால் மணி நேரம் கையாலயே செஞ்சு காட்டினார். பஸ் ஞாபகமே வரல. உண்மையைச் சொல்லணும்னா, நம்ம லேப்ல எனக்கு அது அவ்வளவு தெளிவா புரிஞ்சதில்லை.

என் பெயர் அவருக்கு இன்னிக்கும் தெரியாது. மறந்துடுவாங்களே, போய் என்ன பிரயோஜனம்னு ஃப்ரெண்ட்ஸ் கேக்கறாங்க. அந்த முக்கால் மணி நேரம் அவர் அழலை, அது போதாதா?

இன்னொரு விஷயம், மொழி. 2013ல் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழு ஹைதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்தது. ஒன்றுக்கு மேல் மொழி பேசுபவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை வருஷம் தள்ளி வந்திருந்தது, பள்ளிக்கூடமே போகாதவர்களுக்கும் கூட. தமிழ், தெலுங்கு, கன்னடம்னு கடைக்குக் கடை மாத்திப் பேசற நம்ம ஊருக்கு இது சந்தோஷமான செய்திதான். ஆனா நோய் முத்தினா பலருக்குத் தாய்மொழி மட்டும்தான் மிஞ்சுது. எல்கேஜியிலிருந்து நான் படிச்ச இங்கிலீஷ் அங்க ஒரு நாளும் உதவலை. சட்டையைப் பிடிச்ச பாட்டிக்கிட்ட “தின்னாரா அவ்வா?”ன்னு ரூம்மேட் சொல்லிக்குடுத்த தெலுங்குல கேட்டப்பதான் முதல்முறையா என் முகத்தைப் பார்த்தாங்க.

என்எஸ்எஸ்க்கு வருஷத்துக்கு 120 மணி நேரம் எப்படியும் காட்டணும். அதுல பாதியையாவது ஒரே ஆளோட உக்காந்து பேசறதுக்குக் குடுங்க. சனிக்கிழமை ஒரு மணிக்கு காலேஜ் கேட்ல நிப்பேன். மூணு பேருக்கு மேல வேண்டாம். ஃபோன் பையிலயே இருக்கட்டும். தெலுங்கோ கன்னடமோ தெரிஞ்சவங்க முதல்ல சொல்லுங்க, நான் ஏப்ரல்ல பாஸ் அவுட் ஆயிடுவேன்.