ஆந்தை பறந்தது, பங்கு எங்கே?

ஒரு ஆந்தை. பார்ப்பவரை அப்படியே முறைக்கும் இரண்டு பெரிய கண்கள். தலையைச் சுற்றிலும் சூரியக் கதிர் போல விரியும் நீள நீளமான இறகுகள். அவ்வளவுதான் படம்! 2018 நவம்பரில் டொராண்டோவில் நடந்த ஏலத்தில் இதன் ஒரு பிரதி 2,16,000 கனடா டாலருக்குப் போனது. நம்ம ஊர்க் கணக்கில் அன்றைக்கு ஒரு கோடி ரூபாய்க்கும் மேல்.

படத்தின் பெயர் 'தி என்சாண்டட் அவுல்', அதாவது மாய ஆந்தை. 1960-இல் இதை வரைந்தவர் கெனோஜுவாக் அஷேவாக் என்ற இனுயிட் பெண்மணி. 1927-இல் கனடாவின் வடகோடியில், பாஃபின் தீவில் பிறந்தவர். வேட்டைக்காரக் குடும்பம், ஊர் ஊராக நகரும் வாழ்க்கை. 1950-களில் காசநோய் வந்து கியூபெக் ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் கிடந்தார். அப்படிப்பட்டவர் வரைந்த ஆந்தையை 1970-இல் கனடா அரசு தபால்தலையிலேயே போட்டது.

இது கல் அச்சு. காகிதத்தில் வரைந்ததைத் தட்டையான கல்லில் ஏற்றி, மை படக்கூடாத இடங்களைச் செதுக்கி எடுத்துவிடுவார்கள். மிச்சமுள்ள மேட்டில் மை உருட்டி, மெல்லிய காகிதத்தை விரித்து, பின்பக்கம் கையால் தேய்த்து எடுப்பார்கள். வரைபவர் ஒருவர், செதுக்குபவர், அச்சடிப்பவர் வேறு ஆட்கள். ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற கனடாக்காரர் 1958-இல் ஜப்பான் போய் அச்சுக் கலை கற்றுவந்து கேப் டார்செட்டில் சொல்லிக்கொடுத்தார். இன்று அந்த ஊருக்குப் பெயர் கின்ங்காய்ட்.

இனி நம்ம காமர்ஸ் பாடத்துக்கு வருவோம். ஆந்தை மொத்தம் 50 பிரதிதான். சிவப்பு வால் ஒரு வகை, பச்சை வால் ஒரு வகை. சப்ளை அதோடு முடிந்தது. டிமாண்ட் ஏற ஏற, விலை ஏறாமல் என்ன செய்யும்?

சரி, ஏறிய விலை யாருக்குப் போகிறது? முதல் விற்பனையில் நியாயம் இருந்தது. ஊர்க்காரர்களே உறுப்பினர்களாக உள்ள கூட்டுறவுச் சங்கம் ஓவியரிடம் படத்தைக் காசு கொடுத்து வாங்கி, அச்சடித்து விற்றது. லாபம் ஊரிலேயே தங்க வழி இருந்தது. இடைத்தரகர் கையில் சிக்காமல் ஒரு சின்ன ஊர் பிழைத்தது பெரிய சாதனை.

ஆனால் இரண்டாவது, மூன்றாவது விற்பனை? அங்கே கூட்டுறவும் இல்லை, ஓவியரும் இல்லை. விற்றவருக்கு லாபம், ஏலக் கம்பெனிக்குக் கமிஷன். கெனோஜுவாக் 2013-இலேயே காலமாகிவிட்டார். அந்த ஏலம் நடந்தபோது, மறுவிற்பனையில் ஓவியருக்கோ வாரிசுக்கோ பங்கு தரும் சட்டம் கனடாவில் கிடையாது. பிரான்ஸ் 1920-லேயே அப்படி ஒரு சட்டம் போட்டுவிட்டது!

"வாங்கியவர்தானே ரிஸ்க் எடுத்தார், அவருக்குத்தான் லாபம்" என்று சிலர் வாதிடலாம். நியாயமான வாதம்தான். ஆனால் விலை ஏறியது சும்மா அலமாரியில் கிடந்ததால் அல்ல. கெனோஜுவாக் அதற்குப் பிறகும் ஐம்பது வருடம் விடாமல் வரைந்து பெயர் வாங்கினாரே, அதனால். அவர் உழைப்பு பழைய பிரதியின் மதிப்பையும் சேர்த்தே உயர்த்தியது. முதலீடு போட்டவர் இருவர், லாபம் மட்டும் ஒருவருக்கு என்றால் எந்தப் பார்ட்னர்ஷிப் கணக்கில் ஒத்துக்கொள்வார்கள்?

நூற்றுக்கு ஐந்து என்று வைத்தால்கூட, அந்த ஒரு ஏலத்தில் 10,800 டாலர் வந்திருக்கும். வாங்கியவர் ஒன்றும் ஏழையாகிவிட மாட்டார். ஆனால் பால், காய்கறிகூடத் தெற்கிலிருந்து கப்பலிலோ விமானத்திலோ வரவேண்டிய ஆர்க்டிக் ஊரில் ஒரு குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய தொகை!

தபால்தலையில் போட்டு மரியாதை செய்வது நல்லதுதான். அந்த மரியாதை வங்கிக் கணக்கிலும் கொஞ்சம் தெரிய வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.