எடை கேட்கும் வினா

திரைப்படம் ஒன்றைப் பற்றிய உரையாடலில் தமது உடல் எடை குறித்து எழுப்பப்பட்ட கேள்வி அவமதிப்பே என்று, நடிகை கௌரி கிஷன் 2025 நவம்பரில் சென்னைச் செய்தியாளர் கூட்டத்தில் தனித்து நின்று தைரியமாக எதிர்த்துரைத்தது, பத்திரிகைத் தொழிலிலுள்ள நாம் எளிதில் மறந்துவிடத் தக்கதன்று. பருத்த தேகத்தை ஹாஸ்யப் பொருளாக்கும் வழக்கம் தமிழ்த் திரைக்குப் பழையது. குண்டு கல்யாணம், பிந்து கோஷ் போன்ற திறமைசாலிகளுக்குக் கிடைத்த வேஷங்கள் பல அவர்தம் சரீரத்தையே நம்பி எழுதப்பட்டவை. 2015-இல் வந்த 'இஞ்சி இடுப்பழகி' பருமனான பெண்ணைக் கதாநாயகியாக்கியது. ஆயினும் அதற்கென எடை கூட்டி நடித்தவர் அனுஷ்காவே. திரையில் பழகிய பரிகாசம், மீஞ்சூரில் புறநகர் ரயிலேறிக் கும்மிடிப்பூண்டி ஆலைக்குச் செல்லும் பெண்ணையும் விடுவதில்லை. ஒருவரின் ஆரோக்கியம் அவருக்கும் வைத்தியருக்குமே உரிய விஷயம். செய்தியாளர் எவரும் இக்கேள்வியை இனிக் கேட்கலாகாது.