வாசலில் நிற்கும் வஞ்சகம்

வீட்டு வாசலுக்கே வந்து பொருள் விற்பது இந்நாட்டில் நேற்று இன்று தோன்றிய வழக்கமல்ல. கூடை சுமந்து வரும் காய்கறிக்காரர், துணி மூட்டையுடன் வரும் வியாபாரி, சாணை பிடிப்பவர், பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் என்று எத்தனையோ குடும்பங்களுக்கு இன்னமும் அதுவே பிழைப்பு. தலைநகர் தில்லியில் குளிர்காலம் தொடங்கிவிட்டால், சால்வை மூட்டைகளுடன் காஷ்மீரத்து வியாபாரிகள் குடியிருப்புகளைத் தேடி வருகின்றனர். ஆண்டுதோறும் அதே வீடுகளுக்கு வந்து, பாதிப் பணத்தைப் பெற்றுக்கொண்டு, மீதியை அடுத்த முறை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போகிறவர்களும் அவர்களில் உண்டு. ரசீதைவிட நம்பிக்கையே பெரிதாக இருக்கும் வாணிபம் அது.

அந்த நம்பிக்கையைத்தான் ஒரு கூட்டம் மூலதனமாக்கிக் கொண்டிருக்கிறது. வீடு தேடி வந்து ஏமாற்றும் மோசடி தில்லியிலும் நடக்கிறது, சென்னையிலும் நடக்கிறது, சிற்றூர்களிலும் நடக்கிறது. மொழி மாறுகிறது, முறை மாறுவதில்லை. பெரும்பாலும் முதியவர்களும், பகலில் தனித்திருக்கும் பெண்களுமே இலக்கு. பறிபோவது சில நூறு அல்லது சில ஆயிரம் ரூபாய் என்பதால், இது செய்தியாவதும் இல்லை, வழக்காவதும் அரிது. வஞ்சகர்களின் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் அவர்களின் உத்திகளைப் பார்ப்போம். குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி விற்பதாகச் சொல்லி வருபவர், உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடிக்கச் சொல்கிறார். இன்னொரு குவளையில் தான் கொண்டுவந்த சுத்திகரிக்கப்பட்ட நீரை ஊற்றுகிறார். இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார். சில நிமிடங்களில் குழாய்த் தண்ணீர் பழுப்பேறிச் சகதியாகிறது; மற்றது தெளிவாகவே இருக்கிறது. இதையா உங்கள் பேரக்குழந்தைகள் குடிக்கிறார்கள் என்ற கேள்வி அடுத்து வருகிறது. அந்தப் பழுப்பு நிறம் தண்ணீரிலிருந்து வந்ததன்று. கரைந்துபோன இரும்புக் கம்பியிலிருந்து வந்தது. இயற்கையான தாது உப்புகள் உள்ள நீர் மின்சாரத்தைக் கடத்தும். உப்பு நீக்கிய நீர் அவ்வளவாகக் கடத்தாது. அந்தத் தெளிந்த குவளையில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டால் அதுவும் சகதியாகிவிடும். பள்ளிக்கூட ஆய்வகத்தின் எளிய சோதனையை அச்சமூட்டும் வித்தையாக மாற்றியிருக்கிறார்கள்.

கையடக்கக் கருவியை நீரில் நனைத்து ஓர் எண்ணைக் காட்டுவது இன்னோர் உத்தி. அக்கருவி கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டுமே தவிர, கிருமிகளைப் பற்றி எதுவும் சொல்லாது. கரைந்த திடப்பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்கத்தக்கது என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தர அளவுகோல். 2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும், இந்த அளவுக்குக் குறைவாக உள்ள இடங்களில் எதிர்சவ்வூடு பரவல் முறையிலான கருவிகள் தேவையில்லை என்ற நிலையையே எடுத்தது. ஆனால், 200 என்ற எண்ணைக் காட்டியே பலரைப் பயமுறுத்த முடிகிறது. இதில் அரசியல்வாதிகளுக்கும் பங்குண்டு. 21 நகரங்களின் குழாய் நீரைச் சோதித்து, தில்லிக்குக் கடைசி இடம் என்று மத்திய அமைச்சர் ராம் விலாஸ் பாஸ்வான் 2019 நவம்பரில் அறிவித்ததும், அதை மாநில ஆட்சியாளர்கள் மறுத்ததும் நினைவிருக்கலாம். யாரை நம்புவது என்று தெரியாத குடிமகனிடம், கதவைத் தட்டி வரும் கருவி விற்பனையாளர் எளிதில் நிபுணராகிவிடுகிறார்.

அடுத்தது, சமையல் எரிவாயு. "முகமையிலிருந்து வருகிறோம், கட்டாயச் சோதனை" என்று சொல்லிச் சமையலறைக்குள் நுழைபவர்கள், ரப்பர் குழாய் பழுதாகிவிட்டது, உடனே மாற்றாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று மிரட்டி, தரமற்ற குழாயை அதிக விலைக்குத் தலையில் கட்டுகின்றனர். எரிவாயு நிறுவனங்களின் பாதுகாப்புச் சோதனை என்று ஒன்று உண்மையிலேயே இருப்பதால் இந்தப் பொய் எளிதில் எடுபடுகிறது.

மூன்றாவதுதான் மிகக் கொடியது. பித்தளை, வெள்ளிப் பாத்திரங்களுக்கு மெருகேற்றும் பொடி விற்பதாக வருபவர்கள், முதலில் ஒரு குத்துவிளக்கை இலவசமாகப் பளபளப்பாக்கிக் காட்டுவர். பிறகு, கழுத்துச் சங்கிலியைக் கேட்பர். அதை ராஜ திராவகம் கலந்த நீரில் தோய்த்து எடுத்தால், தங்கத்தின் ஒரு பகுதி அந்தத் திரவத்தில் கரைந்துவிடும். அதிலிருந்து பின்னர் தங்கத்தைப் பிரித்தெடுத்துக் கொள்வார்கள். நகை பளபளக்கும், எடை குறைந்திருக்கும். சில இடங்களில் நகையை மஞ்சள் தண்ணீரில் போட்டு, பாத்திரத்தை மூடி, அரை மணி நேரம் கழித்துத் திறக்கச் சொல்லிவிட்டு நகையோடு மறைந்துவிடுகின்றனர்.

இந்த மூன்றிலும் பொதுவான அடையாளங்கள் உண்டு. அச்சமூட்டுவது, அதிகாரியைப்போல நடிப்பது, இன்றே இப்போதே என்று அவசரப்படுத்துவது, ரசீது தர மறுப்பது, பொருளையோ நகையையோ கண்ணுக்கு மறைவாகக் கையாள்வது. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் கதவைச் சாத்திவிடுவதே அறிவுடைமை.

சட்டம் இதைப் பற்றி மௌனமாக இல்லை. 2021 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட நேரடி விற்பனைக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, நேரடி விற்பனை நிறுவனங்களின் சார்பில் வருபவர் அடையாள அட்டை இல்லாமலும், முன் அனுமதி பெறாமலும் நுகர்வோரின் வீட்டுக்கு வரக்கூடாது. தான் யார், எந்த நிறுவனத்துக்காக வந்திருக்கிறேன், என்ன விற்கிறேன் என்பதைத் தொடக்கத்திலேயே உண்மையாகச் சொல்ல வேண்டும். விலையையும், திருப்பிக் கொடுக்கும் நிபந்தனைகளையும் தெரிவிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, ரசீது தராததையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெறும் காலம் ரசீதில் குறிப்பிடப்படாதபோது, 30 நாள்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமின்றிப் புகார் செய்யலாம், வசிக்கும் ஊரிலேயே செய்யலாம், வழக்குரைஞரும் தேவையில்லை.

இவ்வளவும் இருந்தும் பயன் குறைவாக இருப்பது ஏன்? நுகர்வோர் சட்டத்துக்கு முகவரியுள்ள எதிர்த்தரப்பு வேண்டும். பெயரும் பொய், நிறுவனமும் பொய், கொடுத்த கைப்பேசி எண்ணும் உபயோகத்தில் இல்லை என்றால், ஆணையம் யாருக்கு நோட்டீஸ் அனுப்பும்? விதிகள் நேர்மையான நிறுவனங்களை மேலும் ஒழுங்குபடுத்துகின்றன. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவுக்குத் தெரு ஊருக்கு ஊர் நகரும் மோசடிக்காரனை அவை தொடுவதே இல்லை. அவனைத் தொடக்கூடியது காவல் நிலையம் மட்டுமே.

அங்குதான் சங்கிலி அறுந்து போகிறது. 800 ரூபாய்க்கு ஏமாந்தவர் காவல் நிலையத்துக்குப் போவதில்லை. படித்தவராக இருந்தால், ஏமாந்ததை வெளியே சொல்ல வெட்கம். முதியவராக இருந்தால், பிள்ளைகள் கடிந்து கொள்வார்களே என்ற அச்சம். மீறிப் போனாலும், "இதற்கெல்லாமா வந்தீர்கள், நீங்கள்தானே ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்" என்ற உபதேசத்தோடு திருப்பி அனுப்பப்படும் வாய்ப்பே அதிகம். ஏமாற்றியவன் அடுத்த தெருவில் இருக்க, ஏமாந்தவர் குற்றவாளியைப்போலத் தலைகுனிந்து வீடு திரும்புகிறார்.

இந்த மனப்போக்கு சட்டத்துக்கே எதிரானது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 318-ஆவது பிரிவு மோசடியைத் தண்டிக்கிறது. அரசு ஊழியர் என்று பொய்யாகச் சொல்லிக்கொள்வது தனிக் குற்றம். இவற்றைவிட முக்கியமானது 112-ஆவது பிரிவு. கும்பலைச் சேர்ந்தவர்கள் செய்யும் திருட்டு, ஏமாற்று போன்றவற்றைச் சிறிய அளவிலான அமைப்புசார் குற்றம் என்று அது வகைப்படுத்தி, ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. ஆனால், கும்பல் என்று நிரூபிக்க ஒரு புகார் போதாது. ஒரே உத்தி, ஒரே அங்க அடையாளம், ஒரே வாகனம் என்று பல இடங்களிலிருந்து புகார்கள் பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாத ஒவ்வொரு 800 ரூபாயும் அந்தப் பிரிவைச் செயலற்றதாக்குகிறது. சிறு புகார்களின் கூட்டல்தான் பெரிய வழக்கு.

எல்லை எங்கள் காவல் நிலையத்துக்கு உட்பட்டதல்ல என்ற பழைய சாக்கும் இனிச் செல்லாது. குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம் என்கிறது, பாரதிய நாகரிக சுரக்ஷா சம்ஹிதையின் 173-ஆவது பிரிவு. மின்னணு வழியிலும் புகார் அனுப்பி, மூன்று நாள்களுக்குள் கையொப்பமிடலாம்.

ஆகவே, குடிமக்கள் செய்ய வேண்டியவை சில. வந்தவர் நீட்டும் அட்டையில் உள்ள எண்ணை அழைத்து விசாரிக்கக் கூடாது. அந்த எண்ணின் மறுமுனையில் அவரது கூட்டாளியே இருக்கக்கூடும். எரிவாயுப் புத்தகத்திலோ பழைய ரசீதிலோ உள்ள முகமையின் எண்ணை அழைக்க வேண்டும். ரசீதில் உள்ள சரக்கு, சேவை வரிப் பதிவெண் 15 இலக்கம் கொண்டதா, அது எந்த நிறுவனத்துக்குரியது என்பதை அத்துறையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். சந்தேகத்துக்குரியவர் அக்கம்பக்கத்தில் இருக்கும்போதே 112-க்குத் தெரிவிக்க வேண்டும். கைப்பேசி வழியாகப் பணம் செலுத்தி ஏமாந்திருந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-க்குச் சொல்ல வேண்டும். முகவரியுள்ள நிறுவனம் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதில் தமிழிலும் பேசலாம். நேரம், தோற்றம், சொன்ன பெயர், வாகன எண், கொடுத்த துண்டுச்சீட்டு ஆகியவற்றைக் குறித்து வைத்தால், அதுவே பாதி விசாரணை.

இதில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். சந்தேகம் என்பது முகத்தையும் மொழியையும் உடையையும் பார்த்து எழக்கூடாது. அந்நியர் என்ற ஒரே காரணத்துக்காகச் சந்தேகிக்கத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்பதை 2018 காட்டியது. குழந்தை கடத்துவோர் என்ற வதந்தியால், மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அடித்துக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டில், நமது திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டி கொல்லப்பட்டார். 2019 மார்ச்சில் லக்னௌவில், தெருவோரம் உலர்பழம் விற்ற காஷ்மீரத்து வியாபாரிகள் தாக்கப்பட்டனர். இவர்களில் எவரும் யாரையும் ஏமாற்றவில்லை. தெரு வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைக் காக்க 2014-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியிருக்கும் நாட்டில், வியாபாரிகள் உள்ளே வரக்கூடாது என்று வாயிலில் பலகை மாட்டுவது தீர்வாகாது. மோசடிக்காரனைக் காட்டிக் கொடுப்பது அவனது நடத்தைதானே தவிர, பிறந்த ஊர் அல்ல. அவனைப் பிடித்துக் கட்டிவைத்து அடிப்பது வீரமும் அல்ல. அது இன்னொரு குற்றம்.

அரசுகளின் கடமை என்ன? நேரடி விற்பனையாளர்களைக் கண்காணிக்க ஒவ்வொரு மாநில அரசும் ஓர் அமைப்பை ஏற்படுத்த வேண்டும் என்று 2021 விதிகளே கூறுகின்றன. அப்படியோர் அமைப்பு எங்கே இருக்கிறது, யாரை அணுகுவது என்று கேட்டால் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? நுகர்வோர் நலனைப் பொதுவாகப் பாதிக்கும் புகார்களை மாவட்ட ஆட்சியரிடம் அளிக்கலாம் என்றும், அவர் விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை தரலாம் என்றும் சட்டம் சொல்கிறது. ஒரு தெருவே ஏமாற்றப்பட்டால், அது பொதுப் பாதிப்பு அல்லாமல் வேறென்ன? குடியிருப்போர் நலச் சங்கங்கள் இந்த வழியைப் பயன்படுத்த வேண்டும். காவல் துறையோ, தொகையைப் பார்த்துப் புகாரை எடைபோடும் வழக்கத்தைக் கைவிட்டு, வீடு தேடி வரும் மோசடிகளுக்கெனத் தனிப் பதிவேடு வைத்து, மாவட்டங்களுக்கிடையிலும் மாநிலங்களுக்கிடையிலும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

ஏமாந்தவர் வெட்கப்பட வேண்டியதில்லை. வெட்கப்பட வேண்டியவன் ஏமாற்றியவன். 800 ரூபாய் திரும்பி வராமல் போகலாம். ஆனால், அந்தப் புகார் அடுத்த தெருவில் தனியாக இருக்கும் ஒரு மூதாட்டியின் தாலிச் சங்கிலியைக் காப்பாற்றக்கூடும். மூட்டை சுமந்து வரும் நேர்மையான வியாபாரியின் மீது விழும் வீண் பழியையும் துடைக்கக்கூடும்.