வெயிலுக்கும் ஒரு பில்

காலையில் ஏழு மணிக்கு மல்லாட்டைக் கொல்லையில் குனிகிற பொம்பளை, பொழுது சாயத்தான் நிமிர்வாள். அவளுக்கு வெயிலில் கிடைக்கிற சத்து குறைச்சலா என்று பார்க்க ரத்தம் எடுத்துக் காசு பிடுங்குகிறார்கள் சார். நம்ப முடிகிறதா?

எங்கள் சந்தவாசலில் தெருக்கார அக்கா ஒருத்தர் முட்டி வலி என்று டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். திரும்பி வந்து, "தம்பி, இதுல இன்னா எழுதிக்கீது, படிச்சுச் சொல்லு" என்று பில்லை நீட்டினார். '25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி, 1,400 ரூபாய்'. டாக்டர் முட்டியைத் தொட்டுப் பார்த்தாரா என்று கேட்டேன். "இல்லப்பா, மொதல்ல ரத்தம் குடுத்துட்டு வான்னாரு."

2024-25க்கு நூறுநாள் வேலைக் கூலி 319 ரூபாய். நாலு நாள் மண் வெட்டினாலும் இந்த ஒரு வரி அடையாது.

ரிசல்ட் 18. பக்கத்திலேயே 30க்குக் கீழ் இருந்தால் குறைபாடு என்று அச்சடித்திருக்கிறது. எட்டு வாரத்துக்கு 60,000 யூனிட் மாத்திரை, மூணு மாசம் கழித்து மறுபடியும் அதே டெஸ்ட்.

இந்த 30 எங்கேயிருந்து வந்தது? 2010 நவம்பரில் அமெரிக்காவின் மருத்துவக் கழகம், 20 நானோகிராம் இருந்தால் கிட்டத்தட்ட எல்லாருக்கும் போதும் என்றது. அடுத்த வருஷமே அங்குள்ள நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம் 30 வேண்டும் என்றது. ராத்திரி நல்லபடியாகப் படுத்தவன் காலையில் நோயாளி. அந்தக் குழுவுக்குத் தலைவராக இருந்த மைக்கேல் ஹோலிக், மருந்துக் கம்பெனிகளிடமும் பரிசோதனைக் கம்பெனியிடமும் பணம் வாங்கியதை 2018ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பணம் தன் கருத்தை மாற்றவில்லை என்று அவர் சொன்னார். இருக்கட்டும். 2024ல் அதே சங்கமே அந்த 30ஐக் கைவிட்டு, ஆரோக்கியமானவர்களுக்கு வழக்கமாக இந்த டெஸ்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அந்தச் சேதி இன்னும் நம்ம ஊர் லேப் பிரிண்டருக்கு வந்து சேரவில்லை போல.

18 என்பது 20க்கும் கீழ்தானே என்பீர்கள். சரி. நமக்குப் பக்கத்துத் திருப்பதியில், வேங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிறுவனத்து டாக்டர்கள் கிராமத்து விவசாயக் கூலிகளின் ரத்தத்தைப் பார்த்தார்கள். தினமும் நாலஞ்சு மணி நேரம் வெயிலில் நிற்கிறவர்கள். அவர்களிலும் கணிசமானவர்களுக்கு 20க்குக் கீழ்தான். சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து போதாததையும் அந்த டாக்டர்கள் காரணமாகச் சொன்னார்கள். அப்படியென்றால் அந்த அக்காவிடம் முதலில் கேட்டிருக்க வேண்டியது, பால், கேழ்வரகு, கீரை எவ்வளவு சாப்பிடுகிறாய் என்றுதான். வீட்டில் கறக்கிற பாலையெல்லாம் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வரக்காப்பி குடிக்கிற ஜனம் இது.

மாத்திரையாவது எலும்பைக் காக்குமா? அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து அஞ்சு வருஷம் சோதித்தார்கள். சத்துக்குறைவு இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கியெடுத்தவர்கள் இல்லை, சாதாரண நடுவயசுக்காரர்களும் பெரியவர்களும். எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022ல் முடிவு வந்தது.

இந்த டெஸ்டே மோசடி என்று நான் சொல்லவில்லை. கால் வளைந்த குழந்தை, கிட்னி கெட்டவர், வலிப்புக்கு வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர், எலும்பு மெலிந்து போனவர், இவர்களுக்கு அவசியம் பார்க்கத்தான் வேண்டும். அங்கே அந்த எண்ணை வைத்து வைத்தியம் மாறும். முட்டி தேய்ந்தவருக்கு என்ன மாறப்போகிறது? அளவு தெரியாமல் மாத்திரையையும் ஊசியையும் ஏற்றிக்கொண்டே போனால் ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறிக் கிட்னியே போகும்.

நகரத்து நண்பர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். இதை ஊருக்குள் கொண்டுவந்ததில் உங்களுக்கும் பங்கு உண்டு. பொங்கல் ஆஃபர், அன்னையர் தின ஆஃபர் என்று 'முழு உடல் பரிசோதனை' கட்டுகிறீர்களே, அதற்குள் இந்த டெஸ்ட் மிக்சரில் முந்திரி மாதிரி கிடக்கும். உங்களுக்கு அது ஒரு ஓட்டல் சாப்பாட்டுக் காசு. நீங்கள் கேள்வி கேட்காமல் கட்டிப் பழக்கிய பில்தான் போளூர் பஸ் ஏறி எங்களிடம் வருகிறது.

ஆஸ்திரேலியாவில் 2014 நவம்பரிலிருந்து இன்னின்ன காரணம் இருந்தால்தான் இந்த டெஸ்டுக்கு அரசு காசு தரும். கனடாவின் ஒண்டாரியோ 2010லேயே அதைச் செய்தது. அங்கே அரசாங்கம் காசு கொடுக்கிறது, அதனால் கணக்குக் கேட்கிறது. இங்கே கொடுப்பது அக்காவின் சுருக்குப்பை. அதற்குக் கணக்குக் கேட்க ஆளில்லை.

அடுத்த தடவை இதை எழுதிக் கொடுத்தால், "ரிசல்ட் எதுவானாலும் வைத்தியம் மாறுமா டாக்டர்?" என்று கேளுங்கள். இங்கிலீஷ் பேசுகிற நீங்கள் கேட்டால் பதில் சொல்வார்கள். அக்கா கேட்டால், "டாக்டர் நீயா நானா?" என்பார்கள்.