கணக்கு வராது என்கிற பெருமை

சென்ற மாதம் ஒரு கவிதை நூல் வெளியீட்டுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஏற்புரை நிகழ்த்திய கவிஞர், பள்ளிக்காலத்தில் தமக்குக் கணக்கு சுட்டுப்போட்டாலும் வந்ததில்லை என்றும், அந்த வராமைதான் தம்மைக் கவிதைக்குள் கொண்டுவந்து சேர்த்தது என்றும் சொன்னார். அரங்கம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த மூத்த விமர்சகர் தமக்கும் அப்படியே என்பதுபோலத் தலையசைத்துச் சிரித்தார். இருபதாண்டுகளாக இத்தகைய வாக்கியங்களுக்கு நானும் கைதட்டி வந்திருக்கிறேன். என் வகுப்பறையிலேயே அவற்றைச் சொல்லியும் இருக்கிறேன். அன்று கை எழவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் முதுகலைத் தமிழ் படித்த மாணவி ஒருத்தி. குடும்பத்தின் முதல் பட்டதாரி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழிக் கல்வி. மொழியியலில் ஆய்வுப் பட்டம் பெற அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றுக்கு விண்ணப்பிக்க விரும்பினாள். அவற்றுள் ஒரு துறை ஜி.ஆர்.ஈ. தேர்வின் மதிப்பெண்ணைக் கேட்டது. அதன் கணக்குப் பகுதியை நினைத்துப் பயந்து, நகரத்துப் பயிற்சி மையம் ஒன்றில் போய் விசாரித்திருக்கிறாள். "தமிழ் இலக்கியமா? கணக்க விட்டுட்டு மத்ததப் பாரும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்னிடம் வந்து, "ஐயா, நாமெல்லாம் கணக்குக்கு ஆகாதவங்கன்னு நீங்களே வகுப்புல சொல்வீங்களே, அது சரிதானா?" என்று கேட்டாள். குற்றஞ்சாட்டும் தொனி அதில் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதனால்தான் அது என்னைச் சுட்டது.

பிறகு மூன்று மாதங்கள், சனி ஞாயிறுகளில், அவளோடு நானும் உட்கார்ந்து அந்தக் கணக்குகளைப் போட்டேன். அந்த அனுபவத்தின் பேரில் சொல்கிறேன்: இலக்கியக்காரர்கள் கணக்கைப் பற்றிச் சொல்லிக்கொள்வது அடக்கம் அல்ல, சோம்பல். அந்தச் சோம்பலுக்கான விலையை நாம் கொடுப்பதில்லை. நம் மாணவர்கள் கொடுக்கிறார்கள்.

முதலில் இந்தப் பூதத்தின் உயரத்தை அளந்துவிடுவோம். 2023 செப்டம்பரில் சுருக்கப்பட்ட வடிவத்தின்படி கணக்குப் பகுதியில் இரண்டு கூறுகள். முதலாவதில் 21 நிமிடத்தில் 12 வினாக்கள். இரண்டாவதில் 26 நிமிடத்தில் 15 வினாக்கள். முதற்கூறை எப்படிச் செய்தோம் என்பதைப் பொறுத்து இரண்டாவதன் கடுமை மாறும். மதிப்பெண் 130 முதல் 170 வரை. தவறான விடைக்குக் கழிவு கிடையாது. திரையிலேயே ஒரு கால்குலேட்டரும் உண்டு. எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல், தரவுகளைப் படித்தல் ஆகிய நான்குதான் பாடங்கள். முக்கோணவியல் இல்லை, நுண்கணிதம் இல்லை. வரிசைமாற்றம், சேர்மானம், இயல்நிலைப் பரவல் போன்ற சிலவற்றை நீக்கினால் நம் பத்தாம் வகுப்புப் பாடநூலைத் தாண்டிய பகுதி மிகச் சொற்பம். தேர்வை நடத்தும் ஈ.டி.எஸ். நிறுவனமே பாடச் சுருக்கத்தையும் இரண்டு மாதிரித் தேர்வுகளையும் இலவசமாகத் தருகிறது. நாம் நடுங்குவது பதினைந்து வயதில் படித்துத் தேறிய ஒன்றைப் பார்த்துத்தான்.

அப்படியானால் அது ஏன் கடினமாக இருக்கிறது? அது வாசிப்புத் தேர்வாக இருப்பதால். இதை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. இரண்டு அளவுகளைக் கொடுத்து எது பெரியது என்று கேட்கும் வினாவகை ஒன்று அங்கே உண்டு. முதலாவது பெரியது, இரண்டாவது பெரியது, இரண்டும் சமம், கொடுத்த தகவலைக் கொண்டு தீர்மானிக்க இயலாது என்பவை நான்கு விடைகள். ஓர் எண்ணின் வர்க்கத்தையும் அந்த எண்ணையும் ஒப்பிடச் சொன்னால், வர்க்கமே பெரியது என்று நம் கை தானாகக் குறித்துவிடும். எண் இரண்டானால் அது சரி. ஒன்றானால் இரண்டும் சமம். அரையானால் வர்க்கம் கால், எண்ணே பெரியது. ஆகவே தீர்மானிக்க இயலாது. தவறு செய்தவருக்குப் பெருக்கத் தெரியாமல் இல்லை. எண் என்று மட்டும் எழுதியிருந்த இடத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட எண் என்று தாமாகப் படித்துக்கொண்டார். பிரதியில் இல்லாததைப் பிரதியில் ஏற்றிப் படிப்பது குற்றம் என்று நாம் மேடைதோறும் சொல்லிவருகிறோமே, அந்தக் குற்றம்தான் இது.

இன்னோர் உதாரணம் தமிழ்வழியில் படித்தவர்களுக்கே உரியது. 'இன்டிஜர்' என்ற சொல்லைக் கண்டதும் என் மாணவி 'முழு எண்' என்று மனத்துக்குள் மொழிபெயர்த்தாள். சுழியத்திலிருந்து மேலே மட்டுமே எண்ணிப் பார்த்தாள். விடை தவறிக்கொண்டே இருந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் முழு எண்கள் என்பவை 0, 1, 2 என்று போகிறவை. குறை எண்களையும் சேர்த்துக்கொண்டவை 'முழுக்கள்'. தேர்வு கேட்டது முழுக்களை. ஒரு விகுதி வேறுபாட்டில் எண்கோட்டின் இடப்பாதி முழுவதும் காணாமற் போயிருந்தது. அவளுக்குக் கணக்கு தெரிந்தேயிருந்தது, சொல் தடுக்கிவிட்டது. இதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியவர் கணக்கு ஆசிரியரா, தமிழாசிரியரா? இத்தகைய சொற்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்தோம். பகா எண், இடைநிலை அளவு, முகடு, திட்ட விலக்கம், சரிவகம் என்று ஒவ்வொன்றுக்கும் நேரே ஆங்கிலச் சொல்லை எழுதினோம். நம் ஆங்கிலவழிப் பாடநூல் 'ட்ரபீசியம்' என்பதை அமெரிக்கர்கள் 'ட்ரபசாய்டு' என்கிறார்கள். மூன்று பக்கப் பட்டியல் அவளுடைய பயத்தில் பாதியைத் தின்றுவிட்டது.

மீதிப் பாதியைத் தொல்காப்பியர் தின்றார். உம்மைக்கு எட்டுப் பொருள் சொன்னவர் அவர். மூவரும் வந்தார் என்றால் முற்று. சாத்தனும் வந்தான் என்றால் வேறொருவன் வரவும் அதில் ஒளிந்திருக்கிறது. இந்த நுட்பத்தைப் பக்கம் பக்கமாக உரையெழுதிப் படித்தவர்கள் நாம். அந்தத் தேர்வில், எது உண்மையாக இருந்தே தீரவேண்டும் என்று ஒரு வினா கேட்கும். எது உண்மையாக இருக்கக்கூடும் என்று அடுத்தது கேட்கும். குறைந்தது மூன்று என்பது வேறு, மூன்றுக்கு மேற்படாமல் என்பது வேறு, மூன்றே மூன்று என்பது வேறு. மிகை எண் என்பதற்கும் குறை எண் அல்லாதது என்பதற்கும் இடையே சுழியம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதைக் கண்டுகொண்ட நாளில் அவள், "ஐயா, இது உரையாசிரியர்கள் பார்க்கிற வேலை" என்றாள். அதன்பின் அவளுக்கு நான் தேவைப்படவில்லை.

கணக்கு வரும் என்று சொல்லிக்கொள்ளும் மறுதரப்பையும் இங்கே விட்டுவிட விரும்பவில்லை. அவளுடைய பக்கத்து வீட்டுப் பொறியியல் பட்டதாரி அதே வர்க்க வினாவுக்குப் பத்து நொடியில் தவறான விடை சொன்னான். பயிற்சி மையத்தில் அவனுக்குக் கொடுத்திருந்தவை குறுக்குவழிகள். படத்தைப் பார்த்துக் கோணத்தை ஊகிப்பதும் அவற்றுள் ஒன்று. வடிவியல் படங்கள் அளவுப்படி வரையப்பட்டவையாக இருக்க வேண்டியதில்லை என்று வினாத்தாள் முன்கூட்டியே எச்சரிப்பதை அவன் படித்ததே இல்லை. வாசிக்கப் பழகாத கணக்கும் எண்ணப் பழகாத இலக்கியமும் ஒரே குழியில்தான் விழுகின்றன. ஆனால் அவனுடைய தரப்பு தன் குறையை மேடையேறிப் பெருமையாகச் சொல்வதில்லை. அந்த வித்தியாசம் நமக்கு எதிராகத்தான் நிற்கிறது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளை அறிவேன். இத்தேர்வு ஒரு வடிகட்டி. இந்தியாவில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்குகிறது. ஒரு மனிதரின் ஆய்வுத் திறனை 47 நிமிடத்தில் அளந்துவிட முடியாது. 2020க்குப் பின் அங்குள்ள துறைகள் பலவும் இதைக் கைவிட்டிருக்கின்றன. அனைத்தும் உண்மை. தேர்வுக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமன்று. நாளையே அது ஒழிந்துபோனால் வருந்தமாட்டேன். ஆனால் ஒரு தேர்வை அநீதி என்று நிராகரிப்பது வேறு. நமக்கு அது ஆகாது என்று ஒதுங்குவது வேறு. முதலாவது விமர்சனம். இரண்டாவதற்கு விமர்சனத்தின் சட்டையை மாட்டிவிட்டிருக்கிறோம். போதாக்குறைக்கு, தேர்வு ஒழியும்வரை ஒதுங்கியிருக்கும் வசதி மாத ஊதியம் வாங்கும் எனக்கு உண்டு, அவளுக்கு இல்லை.

தேர்வு போனாலும் கணக்கு போகாது. ஒரு துறையில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நால்வர் தற்காலிக ஆசிரியர்கள், ஆளுக்கு 20,000 ரூபாய். ஒருவர் நிரந்தரப் பேராசிரியர், 1,20,000 ரூபாய். துறையின் சராசரி ஊதியம் 40,000 என்று அறிக்கை எழுதினால் அது பொய்யாகாது. ஐந்து ஊதியங்களையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பார்த்தால் 20,000. சராசரிக்கும் இடைநிலை அளவுக்கும் உள்ள இந்த வேறுபாடு அத்தேர்வின் அரிச்சுவடிப் பாடம். இதை அறியாத கவிஞர் தற்காலிக ஆசிரியர்களின் துயரத்தைக் குறித்து உருக்கமாக எழுதலாம். அவர்களை ஏமாற்றும் அறிக்கையை மறுத்து ஒரு வரி எழுத முடியாது. விலையைப் பத்து சதம் ஏற்றிவிட்டுப் புத்தகக் காட்சியில் பத்து சதம் கழிவு கொடுத்தால் பழைய விலையே வரும் என்று நம்புகிற எழுத்தாளர்களை நான் அறிவேன். 400 ரூபாய் நூல் 440 ஆகி, 396க்கு இறங்கும். பதிப்பாளர்கள் ராயல்டியில் ஏமாற்றுவதாகக் குமுறுகிறவர்களும் இவர்களே. ஏமாற்றப்படுவது உண்மையாகவே இருக்கலாம். எவ்வளவு என்று சொல்லத் தெரியவேண்டாமா?

எண்ணும் எழுத்தும் இரு கண்கள் என்று குறளை முழக்குவதில் நமக்குக் குறைவில்லை. முந்திரி 320இல் ஒரு பங்கு, மா 20இல் ஒரு பங்கு என்று தமிழர் பின்னங்களைப் பட்டியலிட்டுப் புளகாங்கிதம் அடைகிறோம். ஒரு மாவுக்கு எத்தனை முந்திரி என்று கேட்டால் மேடை மௌனமாகிவிடும். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனனம் செய்த சிறுவன் பதினாறு என்று உடனே சொல்லியிருப்பான். காரிநாயனாரின் கணக்கதிகாரத்தைப் பெருமைக்குரிய நூல் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்; அதில் ஒரு கணக்கையாவது அவர்களோடு சேர்ந்து போட்டுப் பார்த்ததில்லை. நம் மொழியில் ஆசிரியருக்குக் கணக்காயர் என்றொரு பழம்பெயர் உண்டு. நக்கீரரே மதுரைக் கணக்காயனாரின் மகன்தான். இலக்கியத் தொகுப்புக்கே கீழ்க்கணக்கு என்று பெயர் வைத்த மரபின் வாரிசுகள், கணக்கு வராது என்று சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம்.

அவள் தேர்வை எழுதிவிட்டாள். அந்தத் துறை எதிர்பார்த்த அளவுக்கு மதிப்பெண் வந்திருக்கிறது. இடமும் உதவித்தொகையும் கிடைக்குமா என்பது இனித்தான் தெரியும். கிடைக்காமல் போனால் அதற்குக் கணக்கு காரணமாக இருக்காது என்பது மட்டும் இப்போதைக்கு ஆறுதல்.

இந்தப் பருவத்தின் முதல் வகுப்பில் என் பழைய வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக மாணவர்களிடம் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ஐயா, இதுக்கு முன்னாடி உங்ககிட்ட படிச்சுட்டுப் போனவங்களுக்கு யார் சொல்றது?" என்று கேட்டான். அவர்களில் சிலராவது இதைப் படிப்பார்கள் என்கிற நம்பிக்கையில்தான் எழுதியிருக்கிறேன்.