நின்று எரிகிற பொய்

"பச்ச வெறகுதான் நின்னு எரியும், காஞ்சது பொசுக்குன்னு தீந்துரும்." மருங்காபுரிப் பக்கம் விறகடுப்பு உள்ள வீடுகளில் இதைப் பெரியவர்கள் சொன்ன வேதமாகவே நம்புகிறார்கள். ஐப்பசி மழையில் நனைந்த கருவேலங்கட்டையை அப்படியே அடுப்பில் திணித்து, ஊதாங்குழலோடு மல்லுக்கட்டி, கண்ணைக் கசக்கிக்கொண்டே சிக்கனம் பேசுகிறோம்.

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அது வற்றும்வரை அடுப்பில் சூடு ஏறாது. சூடு ஏறாததால் கட்டையிலிருந்து கிளம்பும் வாயு தீப்பற்றாமல் புகையாகவே போய்விடும். புகை என்பது எரியாமல் தப்பித்த விறகு, அவ்வளவுதான். காய்ந்த விறகு சீக்கிரம் தீரும் என்பது மெய். உலையும் சீக்கிரம் கொதிக்குமே! கொதித்ததும் கட்டையை வெளியே இழுத்துத் தணிக்கத் தெரியாதவர்களா நாம்?

"சிம்னி இருக்குல்ல, அது இழுத்துக்கும்" என்பது அடுத்த சமாதானம். இழுக்கும், ஆனால் எல்லாவற்றையும் வெளியே விடாது. புகையிலுள்ள தார் ஆவி குளிர்ந்த குழாயில் பட்டு, கரும்பிசினாகப் படியும். பனி நாடுகளில் இதற்குக் கிரியோசோட் என்று பெயர். அங்கே குளிர்காலத்தில் இது குழாய்க்குள்ளேயே தீப்பிடித்து வீட்டைக் கொளுத்தியதுண்டு. இங்கே மார்கழி விடியலில், ஈர விறகும் சில்லிட்ட குழாயும் சேர்ந்தால் அதே கதைதான். பிசின் ஏற ஏறத் துளை குறுகும், இழுப்பு குறையும், புகை அடுக்களைக்கே திரும்பும். கீற்றுக்கூரை வீட்டில் குழாய்க்குள் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குழாய் வைத்த அடுப்பு நமக்குப் புதிதுமில்லை. ஐதராபாத் பொறியாளர் எஸ்.பி. ராஜு 1953-லேயே புகையில்லா அடுப்பைப் பற்றி நூல் எழுதினார். 1983-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் மூன்று கோடிக்கும் மேற்பட்ட மேம்பட்ட அடுப்புகளைக் கொடுத்து, 2002-இல் முடிந்தது. பின்னாளில் ஒடிசாவில் எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள், புகைபோக்கி அடுப்பு பெற்ற வீடுகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். முதலாண்டில் குறைந்த புகை அதன்பின் குறைந்தபாடில்லை. அடுப்பை முறையாகப் பயன்படுத்தவுமில்லை, பராமரிக்கவுமில்லை. கொடுத்தவர்களையும் சும்மா விடக்கூடாது: குழாயைக் கட்டிவிட்டு, அதைத் தட்டிச் சுத்தம் செய்யும் வேலையை யார் தலையில் கட்டினார்கள்?

குழாய் எதுவானாலும் விறகு காய்ந்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் விறகைப் பிளந்து, தரையில் படாமல் கல்மேல் அடுக்கி, மழைக்கு முன்னே தாழ்வாரத்தில் ஏற்றுவது ஒன்றும் புது விஞ்ஞானமில்லை. விலைக்கு வாங்குகிறவர்கள் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்க்கலாம். காய்ந்தது கணீரென்னும், பச்சை மொத்தென்னும். மொத்தென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். எடையில் பாதி தண்ணீர்.